கழுத்துத் தமனி டாப்ளர் ஸ்கேன்: எதை நம்பலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ஏறும் கரோடிட் தமனிகளில் கொழுப்புப் படிவு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு அடைத்திருக்கிறது, அந்தப் படிவு எந்த வகை என்று பார்க்க, இரத்த ஓட்டத்தின் வேகத்தையும் அளக்கும் டாப்ளர் அல்ட்ராசவுண்டைப் போல எளிதான பரிசோதனை வேறில்லை. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை, முடிந்த கையோடு வேலைக்குப் போகலாம். ஆனால் ஒரே நோயாளியை இரண்டு சென்டர்களில் பார்த்தால் ஒன்றில் 50 சதவீத அடைப்பு என்றும் இன்னொன்றில் 70 என்றும் வருவதுண்டு. உடனே மெஷினைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் மெஷின் இல்லை. புரோபைப் (கழுத்தில் வைக்கும் கருவிமுனை) பிடித்த கை, டாப்ளர் கோணத்தை வைத்த விதம், எந்த அளவுகோலைக் கொண்டு சதவீதம் எழுதினார்கள் என்பது, இந்த மூன்றில்தான் வித்தியாசம் கிளம்புகிறது. அதனால் இந்தச் சேவையைக் கட்டடத்தையோ மெஷினின் பெயரையோ வைத்து எடை போட முடியாது. கையில் தரும் ரிப்போர்ட்டை வைத்துத்தான் எடை போட வேண்டும்.

யாருக்கு இது உண்மையில் பயன்படுகிறது

முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கையோ காலோ திடீரென்று வலுவிழப்பது, பேச்சு குழறுவது, ஒரு கண்ணில் திரை விழுந்ததுபோலப் பார்வை மறைந்து திரும்புவது: இவை சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் மூளைக்கு இரத்தம் தடைபட்டதன் எச்சரிக்கை. அப்படி வந்தவர் ஸ்கேன் சென்டரில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கக் கூடாது. பக்கவாத சிகிச்சை உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேரே போக வேண்டும். கழுத்து டாப்ளரை அங்கேயே எடுப்பார்கள். அடைப்பு அதிகமாக இருந்து அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், அறிகுறி வந்த 2 வாரத்துக்குள் செய்வதில்தான் பலன் அதிகம். இந்த நோயாளிகளுக்கு இந்த ஸ்கேனின் மதிப்பில் எந்தச் சந்தேகமும் இல்லை.

அறிகுறி எதுவும் இல்லாதவர் கதை வேறு. பொதுமக்களிடம் அடைப்பைத் தேடி ஸ்கேன் எடுப்பது வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2014-இல் சொன்னது, 2021-இல் மறுபடியும் உறுதி செய்தது. கடுமையான அடைப்பு உள்ளவர்கள் பொதுமக்களில் மிகக் குறைவு. அரிதான ஒன்றைத் தேடும்போது இல்லாததை இருப்பதாகக் காட்டும் ரிப்போர்ட்டுகள் மிகுந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு ஆஞ்சியோகிராம், அறுவை சிகிச்சை என்று போனால் அவற்றின் ஆபத்து தேவையில்லாதவர் தலையில் விழும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. கொழுப்பு, இரத்த அழுத்தம், வயது எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டால் மாரடைப்பு ஆபத்து நடுத்தரம்; கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று மருத்துவரே யோசிக்கிறார். இதயத் தமனிகளின் கால்சியம் ஸ்கேன் எடுக்க வழியில்லாத இடத்தில், கழுத்துத் தமனியில் படிவு இருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கலாம் என்பது ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல். இங்கே அடைப்பின் சதவீதம் முக்கியமில்லை, படிவு உண்டா இல்லையா என்பதுதான் கேள்வி.

ஸ்கேன் அறையில் நடக்க வேண்டியவை

நோயாளி மல்லாந்து படுத்து, தோளுக்கடியில் சிறு தலையணையோடு கழுத்தைச் சற்று நீட்டி, முகத்தை எதிர்ப்பக்கம் 30 முதல் 45 டிகிரி திருப்ப வேண்டும். அதிகம் திருப்பினால் கழுத்துத் தசை இறுகிப் படம் கெடும். 7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ் நேர்கோட்டுப் புரோப் வழக்கமானது. கழுத்து தடித்தவருக்கோ, தமனி ஆழத்தில் போகும்போதோ குறைந்த அதிர்வெண் உள்ள வளைந்த புரோபை எடுக்கத் தெரிந்தவர் கைதேர்ந்தவர்.

முதல் வேலை குறுக்குவெட்டில் பார்ப்பது. கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலிருந்து தாடைக்குக் கீழ்வரை கறுப்பு வெள்ளைப் படத்தில் நிதானமாக ஒரு முறை ஏறி இறங்க வேண்டும். இதைத் தாண்டிவிட்டு நேரே நெடுக்குவெட்டுக்குப் போவது மிகப் பரவலான குறை. ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டியிருக்கும் படிவு நெடுக்குவெட்டில் தளத்துக்கு வெளியே நின்றுவிடலாம். அல்லது சுவரைச் சாய்வாக வெட்டி, இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டலாம். குறுக்கே பார்த்து இடத்தைக் குறித்துக்கொண்ட பிறகுதான் நெடுக்கே திருப்ப வேண்டும்.

அடுத்தது, பொதுக் கரோடிட் எனும் அடித்தமனி கழுத்தில் இரண்டாகப் பிரியும் இடத்தில் உட்கிளை எது, வெளிக்கிளை எது என்று பிரிப்பது. மூளைக்குப் போகும் உட்கரோடிட் தமனி பொதுவாகப் பெரியது, பின்புறமாகவும் வெளிப்புறமாகவும் இருக்கும், கழுத்துக்குள் கிளை விடாது, இதயம் விரியும் நேரத்திலும் அதில் இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். முகத்துக்குப் போகும் வெளிக்கரோடிட் தமனி கிளை விடும், டாப்ளர் திரையில் அதன் வேக அலை கூர்மையாக ஏறி விழும். சந்தேகம் வந்தால் காதுக்கு முன்னால் நெற்றிப்பொட்டுத் தமனியை விரலால் தட்டிப் பார்ப்பார்கள். வெளிக்கிளையின் அலையில் அந்தத் தட்டல் பல்வரிசை போலத் தெரியும். இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் மிச்ச ரிப்போர்ட் முழுவதும் பாழ். வெளிக்கிளையின் அடைப்பு பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாதது, உட்கிளையின் அடைப்பு பக்கவாதத்தில் முடியக்கூடியது.

கரோடிட் பல்ப் எனும் அகன்ற பகுதியில், இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டால் ஒரு சுவரை ஒட்டி எதிர்நிறத் திட்டு தெரியும். இரத்தம் அங்கே சுழன்று திரும்புவதுதான் அது, ஆரோக்கியமான குழாயின் இயல்பு. அனுபவமில்லாதவர்கள் இதைக் கோளாறு என்று எழுதிவிடுகிறார்கள்.

பல்ப் மேல் புரோபை அழுத்தவும் கூடாது. அங்குள்ள நரம்பு உணரிகள் தூண்டப்பட்டால் சிலருக்கு இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கும். இருபக்கமும் பார்த்து, பின்கழுத்து வழியாக ஏறும் வெர்டிப்ரல் தமனிகளின் ஓட்டத் திசையையும் பதிவு செய்ய அரை மணி நேரம் வரை ஆகும். 10 நிமிடத்தில் எழுப்பி அனுப்பினால் ஏதோ ஒன்றை விட்டிருக்கிறார்கள்.

படிவு என்று எப்போது சொல்லலாம்

தடித்த சுவர் எல்லாம் படிவு ஆகாது. மான்ஹைம் கருத்தொருமிப்பின் வரையறைதான் பெரும்பாலான இடங்களில் புழங்குகிறது: சுற்றியுள்ள சுவரைவிட 0.5 மி.மீ. அல்லது சுவர்த் தடிமனில் 50 சதவீதம் குழாய்க்குள் துருத்தி நிற்க வேண்டும். அல்லது மொத்தத் தடிமன் 1.5 மி.மீ. தாண்ட வேண்டும். இந்த எண்கள் இல்லாமல் "லேசான படிவு" என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படாது.

தடிமனுக்குச் சமமாக முக்கியமானது படிவின் சாயல். கொழுப்பும் உள்ளே கசிந்த இரத்தமும் மிகுந்த படிவு திரையில் கறுப்பாக இருக்கும். நார்த்தன்மை உள்ளது வெளுத்திருக்கும். சுண்ணாம்பு ஏறியது பளிச்சென்று மின்னி, பின்னால் நிழல் விழச் செய்யும். இவற்றில் கறுப்புப் படிவுதான் உடைந்து மூளைக்குச் சிதறும் வாய்ப்பு கூடியது. அதையேதான் தவறவிடவும் அதிக வாய்ப்பு, ஏனென்றால் ஓடும் இரத்தமும் திரையில் கறுப்பு. கெயினை (திரைப் படத்தின் பிரகாச அமைப்பு) குறைவாக வைத்திருந்தால் படிவும் இரத்தமும் ஒன்றாகக் கலந்துவிடும்; கலர் டாப்ளரோ, மெதுவான ஓட்டத்தையும் காட்டும் பவர் டாப்ளரோ போட்டு, நிறம் எட்டாமல் நிற்கும் விளிம்பைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். கலர் கெயினைக் கூட்டி வைத்தால் நேர் எதிர்: நிறம் சுவர்மேல் வழிந்து படிவை மூடிவிடும். மூன்றாவது சிக்கல் எதிரொலிக் கோடுகள். பக்கத்துச் சிரையின் சுவரோ தமனியின் மேற்சுவரோ குழாய்க்குள் பொய்ப் படிவாகத் தெரியலாம். புரோபின் சாய்வை மாற்றினால் பொய்ப் படிவு இடம் மாறும் அல்லது மறையும், நிஜப் படிவு சுவரை விட்டு நகராது.

மேற்பரப்பில் 2 மி.மீ. ஆழமும் 2 மி.மீ. அகலமும் உள்ள குழி இருந்தால் புண் என்று குறிப்பிடுவது வழக்கம். ஆனால் புண்ணைக் கண்டுபிடிப்பதில் சாதாரண அல்ட்ராசவுண்டின் திறமை நடுத்தரம்தான். "மேற்பரப்பு ஒழுங்கற்றது" என்று நிறுத்திக்கொள்ளும் ரிப்போர்ட்டை நாங்கள் குறையாகச் சொல்ல மாட்டோம்.

வேகம்தான் சதவீதத்தைத் தருகிறது

ரிப்போர்ட்டில் வரும் சதவீதத்தைப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது இரத்தத்தின் வேகத்திலிருந்து வருவது. குழாய் குறுகும் இடத்தில் இரத்தம் பாய்ந்து ஓடும். எவ்வளவு பாய்கிறது என்பதிலிருந்து எவ்வளவு குறுகியது என்று கணிக்கிறார்கள். அமெரிக்க அல்ட்ராசவுண்ட் கதிரியக்க வல்லுநர் சங்கம் கூட்டிய குழு 2003-இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் பரவலாகப் புழங்குகிறது. உட்கரோடிட் தமனியில் உச்ச வேகம் நொடிக்கு 125 செ.மீ.க்குக் கீழே இருந்து படிவும் இருந்தால் 50 சதவீதத்துக்குக் குறைவு. 125 முதல் 230 வரை என்றால் 50 முதல் 69. 230-ஐத் தாண்டினால் 70 அல்லது அதற்கு மேல். உதவிக்கு இன்னும் இரண்டு எண்கள் உண்டு: உட்கிளை வேகத்தைப் பொதுக் கரோடிட் வேகத்தால் வகுத்த விகிதம், 2 முதல் 4 வரை நடுத்தரம், 4-க்கு மேல் கடுமை; இதயம் விரிந்து முடியும் நேரத்து வேகம், 40 முதல் 100 வரை நடுத்தரம், 100-க்கு மேல் கடுமை. 125 என்ற வரம்பு அடைப்பை மிகைப்படுத்துகிறது என்று கருதி, 50 சதவீதத்துக்கு 180 என்று உயர்த்திக்கொண்ட ஆய்வகங்களும் இருக்கின்றன. ஆகவே எந்த அளவுகோல் என்று ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி இருந்தே ஆக வேண்டும்.

இந்த எண்கள் 10 சதவீதப் படிகளாகச் சொல்லும் அளவுக்குக் கூர்மையானவை அல்ல. "63 சதவீத அடைப்பு" என்று ஒரு டாப்ளர் ரிப்போர்ட் சொன்னால், அது இல்லாத துல்லியத்தைக் காட்டுகிறது. 50 முதல் 69 என்ற பட்டைதான் நேர்மையான விடை.

கோணம்தான் மிகப் பெரிய பிழைக் கிணறு. டாப்ளர் கதிருக்கும் இரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணத்தை ஸ்கேன் எடுப்பவர் கையால் குறிக்கிறார். மெஷின் அதன் கோசைனால் வகுத்து வேகம் சொல்கிறது. 45 டிகிரியில் கதிர் இருக்க, 5 டிகிரி கூடுதலாகக் குறித்தால் வேகம் சுமார் 10 சதவீதம் ஏறும். 60-இல் அதே 5 டிகிரிப் பிழை 18 சதவீதம் ஏற்றும். 70-க்குப் போனால் 32 சதவீதம். 200 என்ற வேகம் 264 ஆகிவிடும். நடுத்தர அடைப்பு ஒரே நொடியில் அறுவை சிகிச்சை அடைப்பு. இதனால்தான் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது கறாரான விதி. அச்சிட்ட படத்தின் ஓரத்தில் கோணம் பதிவாகியிருக்கும், பார்க்கத் தெரிந்த எவரும் சரிபார்க்கலாம். வேகத்தை அளக்கும் சிறு சதுரம் 1.5 முதல் 2 மி.மீ. அகலத்தில், ஓட்டம் மிக வேகமான இடத்தில் இருக்க வேண்டும். அடைப்புக்கு முன், அடைப்பில், தாண்டிய பின் என்று அலைகளைத் தொடர்ச்சியாக எடுத்தால்தான் உச்சம் தப்பாது. தாண்டிய பின் கலங்கல் ஓட்டம் தெரிய வேண்டும். கலங்கலே இல்லாமல் வேகம் மட்டும் உயர்ந்திருந்தால் கோணம் தவறா, குழாய் வளைந்து போகிறதா என்று யோசிக்க வேண்டும். வளைவில் குறுகல் இல்லாமலே வேகம் ஏறும்.

பொதுக் கரோடிட் வேகத்தைப் பல்புக்கு 2 முதல் 4 செ.மீ. கீழே எடுக்க வேண்டும். பல்புக்குள் எடுத்தால் அகன்ற இடம் என்பதால் வேகம் குறைந்து விகிதம் பொய்யாக ஊதிவிடும்.

எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத நேரம்

வலது உட்கிளையில் வேகம் 245, பொதுக் கரோடிடில் 95. வேகத்தை மட்டும் பார்த்தால் 70-க்கு மேல். விகிதமோ 2.6, அதாவது நடுத்தரம். இடது பக்கம் முழுதாக அடைத்திருந்தால் இப்படித்தான் வரும்: அந்தப் பக்கத்து வேலையையும் சேர்த்து வலது தமனி சுமக்கிறது, வேகம் எல்லா இடத்திலும் உயர்கிறது. இங்கே விகிதத்தை நம்ப வேண்டும், கறுப்பு வெள்ளைப் படத்தில் படிவு எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இரத்தசோகை, தைராய்டு மிகை ஆகியவையும் வேகத்தை ஏற்றும். இதயம் பலவீனமானவருக்கும் இதய வால்வு குறுகியவருக்கும் வேகம் இறங்கும். கடுமையான அடைப்புகூட 125-க்குக் கீழே ஒளிந்துகொள்ளும்.

அதைவிட ஆபத்தான பொறி, நூலிழையாகக் குறுகிய தமனி. ஏறக்குறைய மூடிவிட்ட குழாயில் இரத்தம் பாய்வதில்லை, சொட்டுச் சொட்டாக நகர்கிறது. வேகம் 70 என்று வந்தால் எண்ணை மட்டும் படிப்பவர் நார்மல் என்றே எழுதிவிடுவார். மறுபுறம், அந்த மெல்லிய ஓட்டத்தை மெஷினின் அமைப்பு பிடிக்காமல் விட்டால் "முழு அடைப்பு" என்று எழுதிவிடுவார்கள். முழு அடைப்பு என்று எழுதும் முன் மெதுவான ஓட்டமும் தெரியும்படி கலரின் வேக வரம்பைக் குறைத்து, சுவர் அசைவை நீக்கும் வடிகட்டியை இறக்கி, பவர் டாப்ளரிலும் தேட வேண்டும். அதன் பிறகும் சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோவில் உறுதி செய்யச் சொல்வது கடமை, ஏனென்றால் முழுதாக மூடிய தமனிக்கும் நூலிழை ஓட்டம் உள்ள தமனிக்கும் சிகிச்சை முடிவு ஒன்றல்ல.

சுண்ணாம்பு நிழல் 1 செ.மீ.க்கு மேல் நீண்டால் அதற்கடியில் என்ன வேகம் என்று யாராலும் அளக்க முடியாது. "சுண்ணாம்பு நிழலால் இந்தப் பகுதி தெரியவில்லை" என்று எழுதுவதுதான் சரி. அந்த வரி இருக்கும் ரிப்போர்ட்டுக்கு எங்கள் மதிப்பீட்டில் கூடுதல் மதிப்பெண். கிளை பிரியும் இடம் தாடைக்குப் பின்னால் உயரத்தில் இருந்தாலும் இதே கதைதான். நெஞ்சுக்குள் இருக்கும் பெருந்தமனி வளைவும் மண்டைக்குள் இருக்கும் தமனிகளும் இந்த ஸ்கேனில் வரவே வராது. இதயத்தின் தாளக் கோளாறால் வரும் இரத்தக்கட்டியும் வராது. கழுத்து நார்மல் என்றால் கழுத்து நார்மல், அவ்வளவுதான்.

சுவர்த் தடிமன் பேக்கேஜ்கள்

முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ்களில் ஐ.எம்.டி. என்ற பெயரில் தமனிச் சுவரின் உள்ளடுக்குத் தடிமனை அளந்து, "உங்கள் இரத்தக்குழாயின் வயது" என்று வண்ண வரைபடம் தருகிறார்கள். இதற்காகத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது எங்கள் தீர்ப்பு. அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2013 வழிகாட்டுதலிலேயே வழக்கமான ஆபத்துக் கணிப்புக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. அளவு சரியாக வர வேண்டுமானால் பொதுக் கரோடிடின் கீழ்ச்சுவரில், பல்புக்குச் சற்று முன்னால், படிவு இல்லாத 1 செ.மீ. நீளத்தில், இதயம் விரிந்து முடியும் நொடியில் நிறுத்திய படத்தில் அளக்க வேண்டும். மேற்சுவரில் அளந்தால் கெயின் அமைப்பே தடிமனை மாற்றிவிடும். இத்தனையும் சரியாகச் செய்தாலும், சராசரியாக ஆண்டுக்கு 0.01 மி.மீ. அளவில் கூடும் ஒன்றை அதைவிடப் பல மடங்கு தடுமாறும் அளவீட்டால் ஆண்டுதோறும் துரத்துவதில் தனிமனிதருக்குப் பயன் இல்லை. கடந்த ஆண்டு 0.72, இந்த ஆண்டு 0.78 என்று கண்டு கலங்கவும் வேண்டாம், குறைந்தது என்று மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

கேட்டு வாங்க வேண்டிய ரிப்போர்ட்

"வலது உட்கரோடிட் தமனியில் 60% அடைப்பு. மற்றவை நார்மல்." இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்த நரம்பியல் மருத்துவரும் எதுவும் செய்ய முடியாது, மறுபடி எடுக்கத்தான் சொல்வார். உருப்படியான ரிப்போர்ட் இப்படிப் போகும்: வலது பல்பின் பின்சுவரில் தொடங்கி உட்கிளைக்குள் ஏறும் படிவு, நீளம் 14 மி.மீ., தடிமன் 2.8 மி.மீ., பெரும்பாலும் கறுப்பு, மேற்பரப்பு ஒழுங்கற்றது, நிழல் இல்லை. உட்கிளையில் உச்ச வேகம் 168, விரிவு முடிவில் 52, பொதுக் கரோடிடில் 72, விகிதம் 2.3, கோணம் 58 டிகிரி. 2003 அளவுகோல்படி 50 முதல் 69 சதவீதம். வெர்டிப்ரல் தமனிகள் இரண்டிலும் ஓட்டம் மேல்நோக்கி. இதோடு இடது பக்கத்து எண்களும், எது தெரியவில்லை என்ற குறிப்பும், அலைகளின் படங்களும் சேர வேண்டும்.

சதவீதம் எந்த முறையில் என்பதையும் கவனியுங்கள். மேலே சொன்ன வேக வரம்புகள் நாஸ்செட் எனும் வட அமெரிக்கக் கரோடிட் அறுவை சிகிச்சை ஆய்வின் முறையைச் சேர்ந்தவை: குறுகிய இடத்தை, அதற்கு மேலே உள்ள ஆரோக்கியமான உட்கிளையின் விட்டத்தோடு ஒப்பிடுவது. பல்பின் பழைய விட்டத்தோடு ஒப்பிடும் ஐரோப்பிய முறையில் அதே அடைப்பு பெரிய எண்ணாக வரும். நாஸ்செட்டில் 50 என்பது அங்கே ஏறக்குறைய 75. 1991-இல் வெளிவந்த நாஸ்செட் முடிவுகளில், அறிகுறி வந்த, 70 சதவீதத்துக்கு மேல் அடைப்புள்ளவர்களிடம் 2 ஆண்டில் அதே பக்கத்துப் பக்கவாதம் மருந்து மட்டும் எடுத்தவர்களில் 26 சதவீதம், அறுவை சிகிச்சை செய்தவர்களில் 9. அந்த 70-ஐ வேறு முறையின் 70-ஓடு குழப்பினால் கத்தி வைக்கத் தேவையில்லாதவருக்கும் கத்தி வைக்க நேரும்.

கூடுதல் வசதிகள் பற்றிச் சுருக்கமாக. படிவின் சாம்பல் நிறச் சராசரியைக் கணினியில் அளப்பது பயனுள்ளதுதான், ஆனால் இரத்தத்தை 0 என்றும் தமனிச் சுவரின் வெளியடுக்கை 190 என்றும் வைத்துப் படத்தைச் சீராக்கிய பிறகே அந்த எண்ணுக்கு அர்த்தம். அப்படிச் செய்தார்களா என்று கேளுங்கள். நுண்குமிழி மருந்தைச் சிரையில் செலுத்திப் படிவுக்குள் புது இரத்தக்குழாய் முளைத்திருக்கிறதா என்று பார்ப்பது பெரிய மையங்களில் கிடைக்கிறது. நூலிழை ஓட்டத்தையும் முழு அடைப்பையும் பிரிக்க அது நன்றாக உதவும். எல்லோருக்கும் தேவையில்லை. 2024-இல் வந்த பிளேக்-ராட்ஸ் முறை படிவை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. 3 மி.மீ. தடிமன் அதில் ஒரு முக்கிய எல்லை. அதன் மேல்தரங்களை உறுதியாகச் சொல்ல எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும் அளவுக்கு அல்ட்ராசவுண்ட் கைகொடுக்காது.

நடுத்தர அடைப்பு உள்ளவரை 6 முதல் 12 மாதத்தில் மறுபடி பார்ப்பது வழக்கம். முடிந்தவரை அதே இடத்தில், அதே முறையில் எடுங்கள்; பழைய படங்களைக் குறுந்தகட்டில் வாங்கிக் கையோடு கொண்டு போங்கள். ஸ்டென்ட் வைத்தவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்டென்ட் வைத்த குழாய் விறைப்பாக இருப்பதால் குறுகல் இல்லாமலே வேகம் உயர்ந்து காட்டும், 125, 230 என்ற வரம்புகள் அங்கே செல்லாது. ஸ்டென்ட் வைத்த சில வாரங்களுக்குள் எடுத்த முதல் ஸ்கேனின் எண்கள்தான் அவருக்கான அளவுகோல், பின்னால் எடுப்பவை எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட வேண்டும்.